ஐந்தாண்டு அரியணை: மலேசிய மாமன்னரும் மக்களவையும்

பிறப்பால் வரும் அரசுரிமையையும் வாக்கால் வரும் ஆட்சியுரிமையையும் ஒரே சட்டத்தின்கீழ் வைத்து நடத்தும் முறைக்கு அரசமைப்பு முடியாட்சி என்று பெயர். ஆணைகள் மன்னரின் பெயரால் பிறந்தாலும், அவற்றை முடிவுசெய்வதும் அவற்றுக்காக மக்களிடம் பதில் சொல்வதும் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவையின் கடமையாகும். பிரிட்டனும் ஜப்பானும் இம்முறைக்குப் பலரும் அறிந்த சான்றுகள் என்றாலும், தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை கிட்டாத வேளையில் அரண்மனைக்கு என்ன வேலை என்னும் கேள்விக்கு விடை தேடுவோர் மலேசியாவைத்தான் ஊன்றிப் பார்க்க வேண்டும்.

மலேசியாவின் 13 மாநிலங்களில் ஒன்பதுக்குப் பரம்பரை ஆட்சியாளர்கள் உள்ளனர். 1957-இல் மலாயா விடுதலை பெற்றபோது அவர்களுள் ஒருவரை நிலையான அரசராக்கினால் ஏனைய எண்மரும் அவருக்குக் கீழ்ப்பட்டவர்களாகிவிடுவர் என்பதால், ஒன்பதின்மரும் கூடி ரகசிய வாக்கெடுப்பின் மூலம் தம்முள் ஒருவரை ஐந்தாண்டுக்கு ‘யாங் டி பெர்துவான் அகோங்’ ஆகத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது; அப்பதவியில் இருப்பவரை மலேசியத் தமிழ் ஏடுகள் மாமன்னர் என்று எழுதுகின்றன. முதல் மாமன்னரான நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரஹ்மானின் உருவம் இன்றும் ரிங்கிட் தாள்களில் இருக்கிறது. 2024 ஜனவரி 31 அன்று பொறுப்பேற்ற ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் 17-ஆம் மாமன்னர்.

இந்த அரியணை வெறும் அலங்காரமாக ஒருபோதும் கருதப்படவில்லை. சுல்தான்களின் இறைமையைப் பிரிட்டிஷ் முடியின் கைக்கு மாற்ற முனைந்த 1946-ஆம் ஆண்டின் மலாயன் யூனியன் திட்டம் மலாய் மக்களின் கடும் எதிர்ப்பால் இரண்டே ஆண்டில் கைவிடப்பட்டது முதல், ஆட்சியாளர்கள் மலாய் இனத்தின் அடையாளமாகவே மதிக்கப்படுகின்றனர். அதே வேளையில், மலாய்க்காரர்கள், சபா, சரவாக் பூர்வகுடிகள் ஆகியோரின் சிறப்பு நிலையோடு ஏனைய சமூகங்களின் நியாயமான நலன்களையும் காக்கும் பொறுப்பை அரசமைப்பின் 153-ஆம் பிரிவு மாமன்னரிடமே ஒப்படைத்துள்ளது. தோட்டத் தொழிலாளர் வழிவந்த லட்சக்கணக்கான மலேசியத் தமிழர்களும் அந்த ‘ஏனைய சமூகங்களுள்’ அடங்குவர்.

மாமன்னர் பெரும்பாலும் அமைச்சரவையின் அறிவுரைப்படியே நடக்கக் கடமைப்பட்டவர். பிரதமரை நியமிப்பது, நாடாளுமன்றத்தைக் கலைக்க ஒப்புதல் மறுப்பது போன்ற மிகச் சிலவற்றில் மட்டும் 40-ஆம் பிரிவு அவருக்கு விருப்புரிமை, அதாவது எவருடைய அறிவுரைக்கும் கட்டுப்படாமல் முடிவெடுக்கும் உரிமை, அளிக்கிறது. மகாதீர் முகமது பிரதமராக இருந்த காலத்தில் இந்த எல்லை மேலும் இறுக்கப்பட்டது: 1993-இல் ஆட்சியாளர்களுக்கு இருந்த சட்ட விலக்கு நீக்கப்பட்டு, அவர்கள்மீதான வழக்குகளை விசாரிக்கத் தனி நீதிமன்றம் அமைக்கப்பட்டது, 1994-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு மாமன்னர் 30 நாளுக்குள் ஒப்புதல் அளிக்காவிட்டாலும் அது சட்டமாகிவிடும். ஆகவே, பின்னாளில் அரண்மனையின் செல்வாக்கு உயர்ந்ததற்குச் சட்டம் காரணமன்று. அரசியல் கட்சிகளின் சிதறலே காரணம்.

அச்சிதறல் 2009-இல் பேராக் மாநிலத்தில் வெளிப்பட்டது. மூன்று உறுப்பினர்கள் ஆளும் தரப்பைக் கைவிட்டதும், மாநில அரசின் தலைவரான மந்திரி பெசார் சட்டமன்றத்தைக் கலைக்கும்படி வேண்டினார். எதிரணிக்கு ஆதரவான உறுப்பினர்களை நேரில் சந்தித்த சுல்தான் அஸ்லான் ஷா அவ்வேண்டுகோளை ஏற்காமல் ஆட்சியை மாற்றினார். நம்பிக்கை இழந்ததை அவை வாக்கெடுப்பால்தான் அறிய வேண்டும் என்பதில்லை எனக் கூட்டரசு நீதிமன்றம் 2010-இல் அந்நடவடிக்கையை உறுதிசெய்தது. 1994-இல் எஸ்.ஆர்.பொம்மை வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், ஓர் அரசின் பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் ஆளுநர் மாளிகையன்று, சட்டமன்றமே என்று தீர்ப்பளித்ததை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். இந்திய நெறியே மக்களாட்சிக்கு உகந்தது. ஏனெனில் மாளிகைக்குள் சொல்லப்பட்ட சொல்லுக்கு வாக்காளர் சாட்சியாக இருக்க முடியாது, அவையில் தூக்கிய கையை நாடே பார்க்கும்.

2020 பிப்ரவரியில், மீண்டும் பிரதமராகியிருந்த மகாதீர் பதவி விலகியபோது, பேராக்கில் நடந்ததே நாட்டளவில் நடந்தது. மாமன்னர் சுல்தான் அப்துல்லா மக்களவை உறுப்பினர்களைத் தனித்தனியே அரண்மனைக்கு அழைத்துக் கருத்தறிந்து, மார்ச் 1 அன்று முகைதீன் யாசினைப் பிரதமராக்கினார். அவ்வாண்டு அக்டோபரில் முகைதீன் அரசு கோரிய அவசரநிலையை அவர் ஏற்க மறுத்தது துணிவான செயல் எனப் போற்றத்தக்கதே. ஆயினும் அதே அவசரநிலை 2021 ஜனவரியில் பிறப்பிக்கப்பட்டு, நாடாளுமன்றம் பல மாதங்கள் முடங்கிக் கிடந்ததையும் மறைக்க இயலாது. நல்ல மன்னர் வாய்த்தால் நன்மை விளையும் என்பது உண்மைதான். அடுத்து வருபவர் எத்தகையவர் என்பதை மட்டும் வாக்காளர் முடிவுசெய்ய முடியாது. அவரைப் பற்றி வெளிப்படையாக விவாதிக்கவும் 1948-ஆம் ஆண்டின் தேசநிந்தனைச் சட்டம் தடையாக நிற்கிறது.

2022 நவம்பர் பொதுத்தேர்தலில் 222 இடங்களைக் கொண்ட மக்களவையில் எந்தக் கூட்டணிக்கும் 112 இடங்கள் கிட்டாதபோது, சுல்தான் அப்துல்லா மற்ற ஆட்சியாளர்களோடு கலந்துபேசி, நவம்பர் 24 அன்று அன்வார் இப்ராஹிமைப் பிரதமராக நியமித்தார். முட்டுக்கட்டையை அவிழ்க்கக் கட்சி சாராத ஒருவர் தேவைப்படும் இத்தகைய தருணமே மன்னர் பதவிக்கு மக்களாட்சியில் உள்ள முறையான இடம். அவருடைய தேர்வை அவை உடனே சோதித்து ஏற்கும்வரை அது நிறைவடைவதில்லை. முகைதீன் பதவியேற்றபின் 2020 மே 18-இல் கூடிய நாடாளுமன்றம் மாமன்னரின் உரையோடு ஒரே நாளில் ஒத்திவைக்கப்பட்டது, நம்பிக்கை வாக்கெடுப்பு நடக்கவில்லை. அன்வாரோ பதவியேற்று ஒரு மாதம் நிறைவதற்குள், 2022 டிசம்பர் 19 அன்று, மக்களவையில் நம்பிக்கை வாக்குக் கோரி வென்றார்.