ஒரே காரில் இருந்தவர்கள் சொன்ன சாட்சியம்!

அமெரிக்காவில் டல்லாஸ் நகரம். 1963-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி, பகல் 12-30 மணி.

மூடி இல்லாத காரில் ஜனாதிபதி கென்னடி ஊர்வலமாகச் சென்றார். பக்கத்தில் மனைவி ஜாக்குலின். அவர்களுக்கு முன்னால் டெக்சாஸ் கவர்னர் கானலியும் அவர் மனைவி நெல்லியும்.

திடீரென்று துப்பாக்கி வேட்டு! கென்னடி பலியானார். முதுகில் குண்டு பாய்ந்த கவர்னர் பிழைத்துக்கொண்டார்.

பிடிபட்ட ஆஸ்வால்டு, "நான் சுடவில்லை" என்றான். இரண்டே நாளில் அவனையும் ஒருவன் சுட்டுக் கொன்றான். வழக்கு கோர்ட்டு ஏறவே இல்லை.

விசாரித்த வாரன் கமிஷன், 1964-ல் முடிவு கூறியது. சுட்டவன் ஆஸ்வால்டு ஒருவனே. கென்னடியின் கழுத்தைத் துளைத்த குண்டே கவர்னர் மீதும் பாய்ந்திருக்க வேண்டும் என்றது.

கவர்னர் மறுத்தார். முதல் வேட்டுச் சத்தம் கேட்டுத் திரும்பிய பிறகே தமக்கு அடிபட்டது என்றார். குண்டு சத்தத்தைவிட வேகமாக வரும். ஆகவே, சத்தம் காதில் விழுந்த குண்டு தம் மீது பட்டிருக்க முடியாது என்பது அவர் வாதம்.

நெல்லியும் அதையே சொன்னார். ஜனாதிபதியின் கைகள் கழுத்துக்குப் போனதைப் பார்த்தாராம். அடுத்த குண்டுதான் கணவரைத் தாக்கியதாம்.

இதில் என்ன பெரிய வித்தியாசம்? இருக்கிறது! அந்தத் துப்பாக்கியால் மறுபடி சுட 2.3 வினாடியாவது வேண்டும். கூட்டத்தில் ஒருவர் எடுத்த சினிமாப் படத்திலோ, இருவரும் காயம்பட்டதற்கு இடையே அவ்வளவு நேரம் தெரியவில்லை. அப்படியானால் இன்னொருவனும் சுட்டானா?

வேடிக்கை என்னவென்றால், சுட்டவன் ஒருவனே என்பதைக் கானலி ஒப்புக்கொண்டார். ஒரே குண்டு என்பதை மட்டும் ஏற்கவில்லை!

1993-ல் கானலி காலமானார், 2006-ல் நெல்லி. கடைசி வரை இருவரும் சொன்ன சொல்லை மாற்றவில்லை.