நம்ம லேபுக்குள்ளே ஓர் இசைக் கருவி!



'டிப்ளமோ எலெக்ட்ரானிக்ஸ் படிச்சு என்னப்பா செய்யப் போறே? டி.வி. ரிப்பேரா, செல்போன் ரிப்பேரா?' இந்தக் கேள்வியைக் கேட்காத மாமா, சித்தப்பா நம்மில் யாருக்காவது உண்டா? பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வரும் எனக்கு இது இரண்டு பங்கு. வலையை விட்டுவிட்டு வயரைப் பிடித்தவன் ஆயிற்றே! ரிப்பேர் கேவலமான தொழில் அல்ல. ஆனால் நம் மேசையில் இருக்கும் அதே ஐ.சி.க்களிலிருந்து இசையும் பிறக்கும் என்பதை நம்மில் பலர் யோசிப்பதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என்ன இசை இது?

சினிமாப் பாட்டு போல பல்லவி, சரணம் இதில் கிடையாது. ஒரு ஒலி நீண்டு நிற்கும். அதன் நிறம் மட்டும் மெல்ல மெல்ல மாறும். 'ஆம்பியன்ட்' இசை என்கிறார்கள். 1978-இல் பிரையன் ஈனோ என்ற ஆங்கிலேயர் விமான நிலையத்துக்கென்றே ஓர் இசைத்தட்டு வெளியிட்டு இந்தப் பெயரைப் பரப்பினார். அதற்கு முன்பே, 1974-இல், ஜெர்மனியின் டேஞ்சரின் ட்ரீம் குழுவினர் சீக்குவன்சரை ஓடவிட்டு 'ஃபேட்ரா' என்ற தட்டைத் தந்தார்கள்.

'மெதுவா மாறுறதை எல்லாம் உட்கார்ந்து கேட்பாங்களா?' என்று கேட்கலாம். தம்புராவைக் கேட்கிறோமே! எங்கள் ஏரியும் அப்படித்தான். பார்த்தால் அசையாத தண்ணி. ஆனால் முகத்துவாரம் வழியே கடல் தண்ணி ஏறும், இறங்கும். மழைக்காலத்தில் ஆற்று நீர் வந்து உப்பைக் குறைக்கும். மாற்றம் உண்டு, அவசரம் இல்லை.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

அனலாக் சிந்தசைசரைத் திறந்து பார்த்தால் நம் சிலபஸ்தான். ஒலியை உண்டாக்க ஆசிலேட்டர். கூர்மையைக் குறைக்க ஃபில்டர். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஆம்ப்ளிஃபயர். 1964-இல் அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக் செய்த புதுமை, இவை எல்லாவற்றையும் வோல்டேஜால் ஆட்டிவைத்ததுதான். அவருடைய கணக்கில் ஒரு வோல்ட் கூடினால் ஒலி ஒரு ஸ்தாயி ஏறும். 440 ஹெர்ட்ஸ் 880 ஆகிவிடும்.

நம் 555 டைமரையே எடுத்துக்கொள்ளுங்கள். அஸ்டேபிள் சர்க்யூட்டில் 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம், 0.1 மைக்ரோ ஃபாரட் போட்டால் சுமார் 686 ஹெர்ட்ஸ். காதுக்குக் கேட்கும் ஒலி. கெப்பாசிட்டரை மட்டும் 100 மைக்ரோ ஃபாரடாக மாற்றுங்கள். இப்போது ஒன்றரை விநாடிக்கு ஒரு துடிப்பு! சர்க்யூட் அதேதான், முதலில் அது ஸ்வரம், இப்போது தாளம்.

555 தரும் சதுர அலை காதைக் குத்தும். அதை ஒரு ஆர்.சி. ஃபில்டர் வழியே விடுங்கள். 10 கிலோ ஓமும் 0.1 மைக்ரோ ஃபாரடும் இருந்தால் 159 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளது மங்கும். ரெசிஸ்டன்ஸ் 1 கிலோ ஓம் ஆனால் அந்த எல்லை 1,590 ஹெர்ட்ஸ். வால்யூம் கன்ட்ரோல் போன்ற ஒரு திருகை அங்கே வைத்து ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாகத் திருப்புங்கள். விடியற்காலை வெளிச்சம் வருவது போல ஒலி திறக்கும்.

சீக்குவன்சரும் எங்க ஊர் 'பாடு'ம்

சீக்குவன்சர் என்றால் என்ன? எங்க ஏரியில் 'பாடு' என்றொரு பழைய முறை உண்டு. இன்ன நாள், இன்ன இடத்தில், இன்னார் வலை கட்ட வேண்டும் என்று முறை வைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் எல்லாருக்கும் சுற்றி வரும். முறை வராதவர் காத்திருப்பார்.

4017 கவுன்ட்டர் ஐ.சி. செய்வதும் இதே வேலைதான். பத்து அவுட்புட், ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்றே ஒன்று 'ஹை' ஆகும், மற்றவை காத்திருக்கும். ஒன்பதாவது அவுட்புட்டை ரீசெட்டோடு இணைத்தால் எட்டோடு திரும்பிவிடும். ஒவ்வொரு அவுட்புட்டிலும் ஒரு டயோடு, ஒரு பிரீசெட் வைத்து, ஒலி தரும் 555-இன் 5-ஆம் பின்னுக்குக் கொடுங்கள். எட்டு வோல்டேஜ், எட்டு ஸ்வரம்!

இன்னொரு சர்க்யூட்டை ஏழோடு திரும்ப வைத்து, இரண்டையும் ஒரே துடிப்பில் ஓடவிட்டால்? 56 துடிப்பு கழித்துத்தான் இரண்டும் ஒன்றாகத் தொடக்கத்துக்கு வரும். ஐந்தோடு திரும்பும் மூன்றாவதையும் சேர்த்தால் 280 துடிப்பு; ஒன்றரை விநாடிக் கணக்கில் ஏழு நிமிடம். கண்டம், மிஸ்ரம் தெரிந்த நமக்கு இது புதிதா என்ன? ஈனோவும் நீளம் வேறுபட்ட டேப் வளையங்களை ஒன்றாக ஓடவிட்டுத்தான் அந்த இசையைச் செய்தார்.

அகமதாபாத்தில் நடந்தது

'இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்' என்று நினைக்க வேண்டாம். 1969-லேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு மூக் சிந்தசைசர் வந்துவிட்டது. அங்கே ஸ்டூடியோ அமைத்துக் கொடுத்தவர் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர். பக்கவாஜ் வாசித்த கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் இசை செய்து டேப்பில் பதித்தார்கள். அது 1972 வரை நடந்தது.

பிறகு? டேப்புகள் ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. பால் பர்கஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் அவற்றைத் தேடி எடுத்தார். 2023-இல்தான் தொகுப்பாக வெளிவந்தது. நடுவில் ஐம்பது ஆண்டு!

பம்பாயில் சரண்ஜித் சிங் 1982-இல் ரோலண்ட் கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் தந்தார். அது ஆடுவதற்கான இசைதான். ஆனால் கருவிகள் இதே குடும்பம். அந்தத் தட்டையும் அப்போது யாரும் கொண்டாடவில்லை. 2010-இல் மறுவெளியீடு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

எனக்கு இதில் உறைப்பது ஒன்றுதான். கருவியும் இருந்தது, ஆளும் இருந்தார்கள். அந்த வேலை நம்மைப் போல சர்க்யூட் படிப்பவர் காதுக்கு வந்து சேரவில்லை. வந்திருந்தால் இன்று நாம் மூன்றாவது தலைமுறையாக இருந்திருப்போம்!

நாம் என்ன செய்யலாம்?

அன்று ஒரு பெரிய நிறுவனம்தான் வாங்க முடிந்த கருவி. இன்று ஒரு பிரெட்போர்டு, இரண்டு 555, ஒரு 4017, ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், 9 வோல்ட் பேட்டரி போதும். மினி பிராஜக்டுக்கு ஓடும் விளக்கையே திரும்பத் திரும்பச் செய்கிறோமே, அந்த எல்.இ.டி.க்களைக் கழற்றிவிட்டு பிரீசெட்டை வையுங்கள். ஓடும் விளக்கு பாடும் விளக்காகிவிடும்!

ஒரு வேண்டுகோள். செய்ததைப் பதிவு செய்யுங்கள். சர்க்யூட் படம், தேதி, பெயர் எல்லாம் எழுதி நம் டிபார்ட்மென்ட் நூலகத்தில் வையுங்கள். அடுத்த வருஷம் வரும் ஜூனியர் அதை எடுத்து இன்னொரு படி சேர்க்கட்டும். பாட்டும் ஒரு 'பாடு'தான் நண்பர்களே, முறை வைத்துக் கைமாறினால்தான் நிலைக்கும். இப்போது முறை நம்முடையது!