கமான் பட்டைக்கு எந்தப் பூச்சு?

வேப்பம்பட்டுப் பக்கம் மழைநாளில் பழைய அம்பாஸடர் கார் ஒன்று நின்றால், குனிந்து அதன் பின் அச்சைத் தாங்கும் கமான் பட்டைகளைப் பாருங்கள். சக்கரம் எறிந்த சரளைக்கல் பெயிண்டைப் பெயர்த்த இடமெல்லாம் துரு பிடித்திருக்கும். 2014-க்குப் பின் அந்தக் கார் தயாராகவில்லை. இருப்பதைத்தான் காக்க வேண்டும்.

பெயிண்ட் வெறும் திரை. கிழிந்தால் ஈரமும் ஆக்சிஜனும் எஃகைத் தொட்டுவிடும். துத்தநாகம் அப்படியன்று. அதன் மின்வாய் அழுத்தம் −0.76 வோல்ட், இரும்புக்கு −0.44. ஆகவே கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் துத்தநாக மின்முலாம் பூசிவிடலாமா? பிராக்கெட்டுகளுக்கும் சாதாரண போல்ட்டுகளுக்கும் பூசலாம். வில் எஃகுக்கு வேண்டாம். அமிலத்தில் கழுவும்போதும் முலாமிடும்போதும் உண்டாகும் ஹைட்ரஜன் அணுக்கள் கடினமான எஃகினுள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையதாக்கும். துரு ஆண்டுக்கணக்கில் அரித்துச் செய்வதை இது ஓடும் வண்டியில் ஒரே நொடியில் செய்துவிடக்கூடும். உடனே சுமார் 200 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சூடேற்றி ஹைட்ரஜனை வெளியேற்றலாம்தான். பட்டறையில் யார் அதைச் சரிபார்ப்பது? 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் முக்கினாலோ வில்லின் பதமே கெடலாம்.

மணல் பீய்ச்சித் துருவை நீக்குங்கள். அன்றே துத்தநாகத்தூள் செறிந்த பிரைமரும், அதன்மேல் எப்பாக்சி பெயிண்டும் பூசுங்கள். பட்டைகள் ஒன்றோடொன்று உராயும் பரப்பில் மட்டும் எந்தப் பெயிண்டும் நிலைக்காது. அங்கே கிராஃபைட் கிரீஸ்தான்.