உங்களுக்குத் தெரியுமா? வீட்டுத் தொட்டியில் தாமரை

தாமரை விதைக்கு அவசரமே கிடையாது. சீனாவின் வடகிழக்கில் வற்றிப்போன ஒரு பழைய ஏரிப்படுகையில் கிடைத்த, சுமார் 1,300 ஆண்டு வயதான விதையை அமெரிக்காவில் முளைக்க வைத்தார் ஜேன் ஷென்-மில்லர் என்ற தாவரவியலாளர். அதற்கு முன்பே, 1951இல் ஜப்பானின் சீபா பகுதியில் தோண்டியெடுத்த பழங்கால விதையொன்று இச்சிரோ ஓகாவின் கவனிப்பில் மறு ஆண்டே பூத்தது.

இந்த ஆயுளுக்குக் காரணம் கருங்கல் போன்ற தோல். தண்ணீர் உள்ளே போகாது. போகாதவரை விதை முளைக்காது. ஆகவே காய்ந்த விதையை அப்படியே சேற்றில் போட்டுவிட்டுக் காத்திருப்பவர் பேரப்பிள்ளைக்குத்தான் பூ வளர்க்கிறார். கூர்முனைக்கு எதிர்ப்பக்கத்தை அரத்தில் தேயுங்கள். உள்ளே வெளிர்நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். கண்ணாடிக் குவளையில் போட்டுத் தினமும் தண்ணீர் மாற்றினால் ஒரு வாரத்துக்குள் பச்சை முளை எட்டிப்பார்க்கும். விதைக்கன்று பூக்க நாளாகலாம். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் கிழங்கு நடலாம்.

கிழங்கின் நுனிமுளை ஒடிந்தால் அந்தப் பக்கத்து வளர்ச்சி நின்றுவிடும். வட்டத் தொட்டி நல்லதென்பதும் இதனால்தான்: சேற்றுக்குள் ஓடும் கிழங்கு மூலையில் முட்டிச் சிக்கிக்கொள்ளாது. அடியில் துவாரம் வேண்டாம். வயல் களிமண் போதும். கடையில் விற்கும் பூச்சாடிக் கலவை மிதந்துவிடும். மண்ணுக்கு மேலே நாலு விரற்கடைத் தண்ணீர், நாளுக்கு ஆறு மணிநேர வெயில். ஐந்தாறு இலை தண்ணீருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும்வரை உரப்பையைத் தொடாதீர்கள். பட்டினியால் செத்த தாமரையைவிட உரத்தில் கருகியதுதான் அதிகம் என்பது என் கணிப்பு.

திருகோணமலை மாவட்டத்தின் கப்பல்துறைப் பக்கம் ஆனி, ஆடியில் கச்சான் காற்று சுழற்றியடிக்கும்போது தொட்டித் தண்ணீர் மளமளவென்று இறங்கும். நிரப்பப்போகும் கிணற்றுத் தண்ணீரை முதலில் வாயில் வைத்துப் பாருங்கள். கடலோரக் கிணறுகளில் உவர் ஏறியிருக்கும். தாமரைக்கு உப்பு ஆகாது. மாரியில் பிடித்துவைத்த மழைநீர் இருந்தால் அதுவே உத்தமம்.

தொட்டி தாமரைக்கு மட்டுமல்ல, நுளம்புக்கும் வீடாகும். 2017இல் கிண்ணியாவில் டெங்கு ஆடிய ஆட்டத்தை மாவட்டம் மறந்திருக்காது. நுளம்பு பெருக இடம் வைத்திருப்பவர் மீது வழக்குத் தொடர 2007ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது; பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வரும்போது பூவைக் காட்டித் தப்ப முடியாது. நாலு கப்பி மீன் விட்டால் புழுவைத் தின்று தீர்த்துவிடும். அந்த மீனைக் குளத்தில் மட்டும் கொண்டுபோய் விடாதீர்கள், அது நம் நாட்டு மீன் அல்ல.

பூத்திருக்கும் நாட்களில் தாமரை தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும். வெளியே 10 பாகை செல்சியஸ் குளிரிலும் பூவின் நடுப்பகுதி 30 பாகைக்கு மேலேயே இருந்ததை அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் அளந்து 1996இல் எழுதினார்கள். இரவில் பூவுக்குள் தங்கும் வண்டுகளுக்கு இந்தச் சூடு இதமென்று கருதுகிறார்கள். திருகோணமலை வெக்கையில் வண்டுக்கு அது தேவைதானா என்பது வேறு கேள்வி.

அல்லிக்கும் தாமரைக்கும் உறவு மிகத் தூரம். மரபணுவைப் பார்த்தால் தாமரையின் நெருங்கிய சொந்தம் பிளேன் என்ற சாலையோர மரம்! இலங்கையின் தேசியப் பூவான நீலோற்பலம் அல்லி இனம், 1986இல் தெரிவானது. அதன் இலை நீரில் படிந்து மிதக்கும், ஒரு பக்கம் வெட்டு இருக்கும். தாமரை இலையில் வெட்டே கிடையாது.

சோறு போட இலை வேண்டுமா? தண்டைத் தண்ணீருக்கு மேலே வைத்து நறுக்குங்கள். அதிலுள்ள குழாய்கள் வழியாகத்தான் கிழங்குக்குக் காற்றுப் போகிறது. நீருக்கடியில் வெட்டினால் தண்ணீர் இறங்கிக் கிழங்கு அழுகக்கூடும்.