வியாதி போயிற்று, பிறகு?

எங்கள் தெருவில் ஒரு மாமி உண்டு. எந்தக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும், "மண்டபத்தில் பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்றுதான் முதலில் கேட்பார். நாங்கள் சிரித்திருக்கிறோம். பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் கருப்பை வாயில் புற்றுநோய் வந்து, 'கரண்ட்' வைத்துப் பிழைத்தவர் அவர் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

கரண்ட் என்று சொல்கிறோமே தவிர, உடம்பில் மின்சாரம் பாய்வதில்லை. அது கதிர் சிகிச்சை. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கிய பிறகு, அங்கே இதனால் உயிர் பிழைத்த ஸ்திரீகள் எத்தனையோ பேர். ஆனால் கருப்பைக்கு முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல். ஒண்டுக் குடித்தனம்தான்! ஒரு வீட்டுக்கு வெள்ளையடித்தால் அடுத்த வாசலில் தெறிக்காதா?

சிகிச்சையின்போது வரும் வயிற்றுப்போக்கும் எரிச்சலும் அனேகமாகச் சில வாரங்களில் அடங்கிவிடும். பிறகு வருவதுதான் சங்கடம். நுண்ணிய ரத்தக் குழாய்கள் மெல்லச் சுருங்கி, தசை விறைத்துப்போகிறது. மாதங்கள், ஏன், வருஷங்கள் கழித்துக்கூட அவசரமாக மலம் வரும், ரத்தம் தென்படும். இளவயதுக்காரர்களுக்கு மாதவிலக்கு அப்போதே நின்றுவிடுகிறது. இடுப்பெலும்பு பலவீனமாவதும் உண்டு.

பெண்ணுறுப்பு உலர்ந்து குறுகுவதைப் பற்றி வீட்டில் யாரிடம் வாய் திறப்பது? டாக்டரிடம் திறக்கலாம். களிம்பு இருக்கிறது, பாதை குறுகாமல் இருக்க டைலேட்டர் என்ற வழவழப்பான குழல் இருக்கிறது. கணவன்மாரும் பயப்பட வேண்டாம்: புற்றுநோய் தொற்றாது. சிகிச்சை முடிந்தபின் உடம்பில் கதிரும் தங்குவதில்லை.

மாமியோ மூலம் என்று தாமே தீர்மானித்து, நாட்டு மருந்து தின்றுகொண்டிருந்தார். ரத்தம் எதனால் என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். "எனக்கு இந்த இடத்தில் கரண்ட் வைத்திருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கதிர் பட்ட மலக்குடலின் முன்சுவரில் பரிசோதனைக்கென்று சதையைக் கிள்ளினால், சில சமயம் புண் ஆறாமலே போய்விடும்.

பழைய ஆஸ்பத்திரிக் காகிதங்களை மாமி டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். ஒருவழியாக அவை டாக்டர் கைக்குப் போயின. ரத்தம் கதிரால் வந்ததுதான், வியாதி திரும்பவில்லை. வயிற்றுப்போக்குக்குக் காரணம், பித்தநீரைக் குடல் திரும்ப உறிஞ்சாததாம். கொலஸ்டிரமைன் என்ற பொடியைக் கரைத்துக் குடிக்கச் சொன்னார்கள். மணல் மாதிரி நறநறக்கிறது என்று மாமிக்குக் கோபம்.

போன தை மாதம் காஞ்சிபுரம் கல்யாணத்துக்கு எங்களோடு பஸ்ஸில் வந்தார். ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டார்.