பள்ளிப் பேருந்துக்கு ஏற்ற எரிபொருள் எது?

பள்ளிப் பேருந்து காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை ஓடுகிறது. இடையில் ஐந்தாறு மணி நேரம் பள்ளி வளாகத்திலேயே நிற்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் சித்தன்னவாசலைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து அன்னவாசல், இலுப்பூர், புதுக்கோட்டைப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிவரும் வண்டி ஊருக்கு ஊர் நின்று மெதுவாகத்தான் போக முடியும். அப்படிப் போனாலும், அதன் ஒரு நாள் ஓட்டம் பெரும்பாலும் 100 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். வழித்தடமும் நேரமும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒன்றுதான். டீசலா, எரிவாயுவா, மின்சாரமா என்று முடிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த ஓட்டமுறையை.

இந்த முடிவு பிள்ளைகளின் உடல்நலத்தையும் தொடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2012 ஜூனில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. குழந்தைகள் தங்கள் உடல் எடைக்கு, பெரியவர்களைவிடக் கூடுதலான காற்றை இழுக்கிறார்கள். அவர்களுடைய நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. வண்டியின் புகை வண்டிக்குள்ளும் வருகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், டீசல் பள்ளிப் பேருந்துக்குள் இருந்த புகையின் அளவு, அதற்கு முன்னால் சென்ற காருக்குள் இருந்ததைப்போல் நான்கு மடங்கு வரை இருந்தது.

பழைய டீசல், புதிய டீசல்

டீசல் பேருந்தின் பெரிய பலம் பழக்கம். ஓட்டுநருக்கு வண்டி தெரியும். சிற்றூர்ச் சாலையிலும் பெட்ரோல் பங்க் உண்டு. பழுது பார்க்கும் மெக்கானிக்கும் உதிரி பாகமும் பக்கத்து ஊரிலேயே கிடைக்கும். கூண்டு கட்டுவதற்குப் பெயர்பெற்ற கரூரும் தொலைவில் இல்லை.

ஆனால் டீசல் வண்டிகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடப்பில் உள்ளது. டீசலில் இருக்கலாம் என்று பாரத் ஸ்டேஜ் 3 அனுமதித்த கந்தகம் பத்து லட்சத்தில் 350 பங்கு. ஸ்டேஜ் 4 அதை 50 பங்காக்கியது. ஸ்டேஜ் 6-ல் அது 10 பங்கு. கனரக எஞ்சின் வெளியிடலாம் என்று ஸ்டேஜ் 4 அனுமதித்த நைட்ரஜன் ஆக்சைடுகள் ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராம்; ஸ்டேஜ் 6-ல் அது 0.4 கிராம் அளவுக்கு இறங்கியது. பதினைந்து ஆண்டுப் பழைய வண்டியையும் இன்றைய வண்டியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

புதிய வண்டிக்கும் ஒரு குறை உண்டு. அதன் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள அதற்கு ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும். நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடும் வண்டியில் இது தானாக நடக்கும். நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று போகும் பள்ளிப் பேருந்தில் குழாய் அந்தச் சூட்டை எட்டாமல் வடிகட்டி அடைத்துக்கொள்ளக்கூடும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் தள்ளிப்போடாமல் கவனிக்க வேண்டும். யூரியா கரைசலான ஆட்ப்ளூவையும் குறைவில்லாமல் ஊற்றிவர வேண்டும்.

எரிவாயுவும் உயிரி டீசலும்

அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு, அதாவது சிஎன்ஜி, ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தத்தில் உருளைகளில் அடைக்கப்படுகிறது. பழைய டீசலோடு ஒப்பிட்டால் இதில் கரித்துகள் மிகக் குறைவு. 1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லியின் பேருந்துகள் அனைத்தும் 2001 மார்ச் 31-க்குள் சிஎன்ஜிக்கு மாற வேண்டும் என்று ஆணையிட்டது. மாற்றம் முழுமையடைய 2002 டிசம்பர் ஆனது. இடைப்பட்ட காலத்தில் எரிவாயு நிரப்ப வண்டிகள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தன. நிரப்பு நிலையம் முதலில், வண்டி பிறகு என்பதே டெல்லி தந்த பாடம். வழித்தடத்தின் அருகில் நிலையம் இல்லாத கிராமப்புறப் பள்ளிக்கு சிஎன்ஜி சுமையாகிவிடும். உருளைகளை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்கு அனுப்பியாக வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

காட்டாமணக்கு, புங்கம், பயன்படுத்திய சமையல் எண்ணெய் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் உயிரி டீசலை இருக்கிற எஞ்சினிலேயே கலந்து ஓட்டலாம். 2018-ன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030-க்குள் டீசலில் 5 விழுக்காடு கலப்பதை இலக்காக வைத்தது. தேவையான எண்ணெய் போதிய அளவு திரளாததால், ஒரு பள்ளி நம்பிக்கையோடு சார்ந்திருக்கும் நிலைக்கு இது இன்னும் வரவில்லை.

மின்சாரம்: எங்கே லாபம், எங்கே இல்லை

மின்பேருந்துக்குப் புகைக்குழாயே கிடையாது, இரைச்சலும் குறைவு. சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. நகரப் பேருந்து நாளெல்லாம் ஓட வேண்டும் என்பதால் அதற்குப் பெரிய மின்கலம் தேவை. நூறு கிலோமீட்டருக்குள் ஓடி, நடுப்பகலில் நிற்கும் பள்ளிப் பேருந்துக்கு அது தேவையில்லை.

கரியமில வாயுவின் கணக்கை மட்டும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.6 கிலோ கரியமில வாயு வெளியாகும். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடும் பேருந்தில் இது கிலோமீட்டருக்கு அரைக் கிலோ. மின்பேருந்து கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் எடுக்கும். நிலக்கரியை நம்பியிருக்கும் இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ வாயு வெளியாகிறது. ஆக, இரவில் தொகுப்பு மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றினால் பிள்ளைகள் மூச்சுவிடும் காற்று தூய்மையாகும். ஆனால் புவி வெப்பத்துக்கு ஆறுதல் கிடைக்காது.

இந்த இடத்தில்தான் புதுக்கோட்டையின் வெயில் துணைக்கு வருகிறது. ஒரு கிலோவாட் சூரியத் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். பள்ளிக் கூரையில் 2,000 சதுர அடி அளவில் 20 கிலோவாட் தகடு அமைத்தால் 80 யூனிட். அது ஒரு பேருந்தின் 80 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் போதும். வெயில் உச்சியில் இருக்கும் வேளையும் பேருந்து சும்மா நிற்கும் வேளையும் ஒன்று.

செலவுக் கணக்கு இத்தனை எளிதல்ல. டீசல் லிட்டர் 92 ரூபாய், மின்சாரம் யூனிட் 10 ரூபாய் என்று கொண்டால், கிலோமீட்டருக்கு 8 ரூபாய் மிச்சம். 220 பள்ளி நாள், நாளுக்கு 80 கிலோமீட்டர் என்றால் ஆண்டுக்கு 1 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். மின்பேருந்தின் விலையோ டீசல் பேருந்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். குறைவாக ஓடும் வண்டி என்பதாலேயே முதல் திரும்பிவர நெடுங்காலம் ஆகும். இதை உணர்ந்துதான் அமெரிக்கா, 2021-ல் இயற்றிய உள்கட்டமைப்புச் சட்டத்தின் வழியே பள்ளிப் பேருந்துகளை மாற்ற ஐந்தாண்டுகளுக்கு 500 கோடி டாலர் ஒதுக்கியது. இந்தியாவில் 2024 அக்டோபரில் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டத்தின் பேருந்து உதவி, பொதுப் போக்குவரத்து அமைப்புகளுக்கே போகிறது.

மின்தடையையும் மறக்கக் கூடாது. 2018 நவம்பர் 16-ல் கரையைக் கடந்த கஜா புயல் இந்த மாவட்டத்தின் மின்கம்பங்களைப் பெருமளவில் சாய்த்தது. ஆகவே எல்லா வண்டிகளையும் ஒரே நாளில் மின்சாரத்துக்கு மாற்றுவது அறிவுடைமை ஆகாது.

குன்றின் அடியில்

சித்தன்னவாசல் பக்கம் புகையைக் குறைக்க இன்னொரு காரணமும் உண்டு. இங்குள்ள குன்றில் இருக்கும் அறிவர் கோயிலில் 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கால ஓவியங்கள் சுண்ணச் சாந்தின் மேல் தீட்டப்பட்டுள்ளன. எரிபொருளின் கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிச் சுண்ணாம்பை அரிக்கும்; கரி அதன் மேல் படியும். தாஜ்மகாலைச் சுற்றி 500 மீட்டருக்குள் புகை கக்கும் வண்டிகளுக்கு அனுமதியில்லை. பார்வையாளர்களை மின்கல வண்டிகள் அழைத்துச் செல்கின்றன. ஏற்கெனவே பெரிதும் மங்கிப்போன சித்தன்னவாசல் ஓவியங்களுக்கும் அந்த மரியாதை தகும். சுற்றுலா வரும் பள்ளிப் பேருந்துகள் குன்றைவிட்டுத் தள்ளி நின்று எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

முடிவு

குறைந்த தூரமும் நிலையான நேரமும் கொண்ட பள்ளி ஓட்டத்துக்கு, கூரைச் சூரியசக்தியில் சார்ஜ் ஏறும் மின்பேருந்தே மிகப் பொருத்தமானது. அதை வாங்க முடிந்த பள்ளி, மிகக் குறுகிய வழித்தடத்தில் ஒரு வண்டியோடு தொடங்கலாம். நிரப்பு நிலையம் அருகில் இருந்தால் சிஎன்ஜியும் நல்ல தேர்வு. இரண்டும் இயலாத பள்ளி, தன்னிடமுள்ள மிகப் பழைய டீசல் வண்டியை முதலில் கழித்துவிட்டு ஸ்டேஜ் 6 வண்டிக்கு மாறலாம். பள்ளி வாசலில் நிற்கும்போது எஞ்சினை அணைக்க எந்தச் செலவும் இல்லை. அதை நாளைக் காலையிலேயே தொடங்கலாம். பொதுப் போக்குவரத்துக்குக் கிடைக்கும் மின்பேருந்து உதவியைப் பள்ளிப் பேருந்துகளுக்கும் அரசு விரிவுபடுத்த வேண்டும். புகையால் முதலில் பாதிக்கப்படுவது அந்த வண்டிகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்தான்.