பாங்கோ பாங்கோ டாங்கோ (புதினம்)

பாங்கோ பாங்கோ டாங்கோ என்பது அமெரிக்க எழுத்தாளர் ஜான் என்ரைட் எழுதிய ஆங்கிலத் துப்பறியும் புதினமாகும். இது 2012 ஆம் ஆண்டு வெளியானது. தென் பசிபிக் பெருங்கடலிலுள்ள அமெரிக்க சமோவா இதன் கதைக்களமாகும்.

ஆசிரியர்

என்ரைட் நாட்டார் வழக்காற்றியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். 1981 இல் அமெரிக்க சமோவா சமுதாயக் கல்லூரியில் கற்பிக்கச் சென்ற இவர், தென் பசிபிக் தீவுகளில் 26 ஆண்டுகள் வாழ்ந்தார்.

களப் பின்னணி

பாங்கோ பாங்கோ துறைமுகம் அமைந்துள்ள துதுயிலா தீவு 1900 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஆட்சிக்குள் வந்தது. 1951 வரை அமெரிக்கக் கடற்படை இதனை நிருவகித்தது. சூரை மீன் பதனிடுதல் இங்குள்ள முதன்மைத் தொழிலாகும். அமெரிக்கச் சட்டமும் நீதிமன்றமும் இருப்பினும், நிலத்தின் பெரும்பகுதி கூட்டுக் குடும்பங்களுக்கே பொதுவில் உரியது. மட்டாய் எனப்படும் குடும்பத் தலைவர்கள் அதனை மேற்பார்க்கின்றனர். 1967 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, சமோவா மக்களின் நிலவுரிமையையும் வாழ்க்கை முறையையும் காப்பதை அரசின் கொள்கையாக அறிவிக்கிறது.

கதை

சான் பிரான்சிஸ்கோ காவல்துறையில் ஏழாண்டுகள் பணியாற்றியபின் தாயகம் திரும்பிய சமோவர் அபேலு சோய்ஃபுவா இதன் முதன்மைக் கதைமாந்தர் ஆவார். மீன் பதனிடும் நிறுவன அதிகாரி ஒருவரின் வீட்டில் நடந்த திருட்டை இவர் விசாரிக்கிறார். சாதாரணமாகத் தோன்றும் இவ்வழக்கு பெரிய குற்றங்களுக்கு இட்டுச் செல்கிறது.

மரபும் புலனாய்வும்

துப்பறியும் கதைகளில் குற்றவாளி பொதுவாகத் தனிமனிதர். அவர் யார் எனத் தெரிந்ததும் கதை முடிகிறது. சமோவா மரபிலோ ஒருவரின் குற்றம் அவரது குடும்பம் முழுவதையும் சார்கிறது. இதற்கு இஃபோங்கா என்னும் சடங்கு சிறந்த எடுத்துக்காட்டாகும். குற்றமிழைத்தவரின் உறவினர்கள் பாதிக்கப்பட்டோரின் வீட்டு வாயிலில், தாழை ஓலையால் நெய்த உயர்ந்த பாயைத் தலைமேல் போர்த்தி அமர்ந்து மன்னிப்புக் கோருவர். பாய் விலக்கப்பட்டால் மன்னிப்பு ஏற்கப்பட்டது எனப் பொருள்.

எனவே இத்தகைய சமூகத்தில் "யார் செய்தது?" என்ற கேள்வியுடன் "யார் பொறுப்பேற்பது?" என்ற கேள்வியும் எழுகிறது. காவலரோ இரண்டு முறைகளுக்கும் கட்டுப்பட்டவர். சட்டம் அவரிடம் சான்று கேட்கிறது. மரபு அவரிடம் உறவு, முறை, மரியாதை ஆகியவற்றை எதிர்பார்க்கிறது. அயல்நாட்டில் தொழில் கற்றுத் திரும்பிய சோய்ஃபுவா இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பதே இப்புதினத்தை வழக்கமான துப்பறியும் கதைகளிலிருந்து வேறுபடுத்துகிறது.

தொடர்

சோய்ஃபுவா தோன்றும் அடுத்த புதினமான ஃபயர் நைஃப் டான்சிங் 2013 இல் வெளியானது. அதன் பெயர், தீ மூட்டிய கத்தியைச் சுழற்றி ஆடும் சமோவா நடனத்தைக் குறிக்கிறது.